என் கனத்துக்கு வைத்த வில்

அந்த வண்டி எங்கள் கைக்கு வந்தபோது அதற்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது.

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் பேறுகாலம் பார்க்கும் நர்சாக இருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கேயே கம்பவுண்டர். ஆஸ்பத்திரியை நடத்திவந்த வெள்ளைக்கார டாக்டரம்மாவுக்கு அவள் ஊர்ச் சபையார் ஒரு மோட்டார் கார் வாங்கி அனுப்பினார்கள். அதுவரை அவள் வைத்திருந்த மோட்டார் சைக்கிளும், அதன் பக்கத்தில் பூட்டியிருந்த பிரம்புக் கூடையும் கொட்டகையில் சும்மா நின்றன. கிராமத்திலிருந்து பிரசவத்துக்கு ஆள் வந்தால் போய்வர அதை எங்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிக் கமிட்டியில் தீர்மானம் ஆயிற்று. அவர் ஓட்ட வேண்டும். நான் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கூடையில் உட்கார வேண்டும்.

ஒரு ஆள் காலை நீட்டி உட்காரும்படி பிரம்பால் முடைந்த கூடை அது. அடியில் இரும்புச் சட்டம், வெளிப்புறம் தனியாக ஒரு சக்கரம். முதல் நாள் நாங்கள் புறப்பட்டபோது தெருவே வாசலில் வந்து நின்றது. "சந்தைக்குக் கோழி கொண்டுபோற மாதிரில்லா பெண்டாட்டியக் கொண்டுபோறாரு" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும். சிரித்துக்கொண்டே மிதித்துக் கிளப்பினார்.

பழைய வண்டி. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தோல்வார்தான் ஓடியது. முன்சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவில் குலுக்கலைத் தாங்க வில் என்று ஒன்றும் கிடையாது. ரஸ்தாவில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் அவர் தோள்பட்டைக்கு வந்து சேரும். கூடைக்கு அடியில் மட்டும் இரண்டு பட்டைவில் இருந்தன. அதில் ஒன்று டாக்டரம்மா காலத்திலேயே முறிந்துபோய், இரும்புத் தகட்டை வைத்து முடுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டின பிறகு அது வில் இல்லை, வெறும் இரும்பு. பிரேக்கு என்பது, காலால் அழுத்தினால் பின்சக்கரத்தின் விளிம்பில் போய் உரசுகிற ஒரு கட்டை. நனைந்துவிட்டால் அது வழுக்கும். அப்போது அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி இழுபட்டுக்கொண்டே நிறுத்துவார். செருப்புத் தைக்கிறவனுக்கு எங்கள் வீட்டு வேலை ஓய்ந்ததே இல்லை.

நாங்குநேரிக்கு இப்பால் ஒரு குளத்தங்கரை இறக்கத்தில் வைக்கோல் வண்டி ஒன்று குறுக்கே நின்றது. அவர் கட்டையை அழுத்தினார், காலை ஊன்றினார், ஒன்றும் ஆகவில்லை. நேராகப் போய் வைக்கோலுக்குள் புகுந்து நின்றோம். வண்டிக்காரன் இறங்கி வந்து எங்களைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது மாட்டுக்குப் போடுத வைக்கோலு. உங்க வண்டியும் திங்குமா" என்று கேட்டான். தலையெல்லாம் வைக்கோல் தூசியோடு நாங்கள் வீடு வந்து சேரும்வரை சிரித்தோம். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. ஆனாலும் அந்த மாதிரிச் சிரிக்க முடிந்தது.

பிரேக்கைப் பற்றியும் வில்லைப் பற்றியும் அவர் கமிட்டிக் காரியதரிசியிடம் கேட்டார். சென்னையிலிருந்து சாமான் வரவழைத்தால் நன்றாயிருக்கும் என்றார். காரியதரிசி எங்கள் ஆள்தான், எங்கள் சபைதான். அவர் சொன்ன பதிலை என் வீட்டுக்காரர் வந்து அப்படியே சொல்லிக் காட்டினார்: "டாக்டரம்மா அஞ்சு வருஷம் இதைத்தானவே ஓட்டினாங்க. அவங்களுக்கு என்ன ஆயிட்டு."

டாக்டரம்மா பங்களாவிலிருந்து வேதக் கோவிலுக்கும், கோவிலிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஓட்டினாள். மழை பெய்தால் பல்லக்கு மாதிரி மூடின மாட்டுவண்டி அவளுக்கு வந்துவிடும்.

சீமைக் கம்பெனி ஒன்றின் படப் புத்தகம் அவரிடம் இருந்தது. புது வண்டிகளின் முன்சக்கரத்துக்கு எப்படி வில் வைக்கிறார்கள், பிரேக்கை எப்படி இரட்டையாக வைக்கிறார்கள் என்று அதில் படம் போட்டிருந்தது. சாப்பிட்டபின் அதை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பார். சாமான் வரும் வரும் என்று ஒரு வருஷம் போயிற்று.

அந்த வருஷக் கடைசியில் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. நானே நூற்றுக்கணக்கான பெண்களுக்குச் சொல்லியிருக்கிற செய்தி, எனக்கு என்று வந்தபோது மூன்று மாதம் வரை நம்பவில்லை. நான்காம் மாதம்தான் அவரிடம் சொன்னேன். அவர் எழுந்தார். படப் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, வெளியே போய் ஒரு சீப்பு மட்டிப் பழத்தோடு வந்தார். வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒன்பது வருஷம் ஊர் வாயில் கிடந்தவர்கள் அவசரப்பட மாட்டார்கள்.

ஐந்தாம் மாதம் ஒரு நாள் காலையில் களக்காட்டுக்கு மேற்கே ஒரு ஊரிலிருந்து ஆள் வந்தான். அவன் பெண்டாட்டிக்கு வலி எடுத்து இரண்டு நாள் ஆகிவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று ஊர் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். டாக்டரம்மா கொடைக்கானலுக்குப் போயிருந்தாள்.

"மாட்டு வண்டியில போவம்" என்றார் என் வீட்டுக்காரர். "நீ இருக்கிற இருப்புக்குக் கூடை வேண்டாம்."

"மாட்டு வண்டி போய்ச் சேர ராத்திரியாயிரும். அதுவரைக்கும் அந்தப் பொம்பள இருப்பாளா."

"வேற யாரையாவது அனுப்பச் சொல்லு."

"வேற யாரு இருக்கா. சொல்லுங்க, அனுப்புவோம்."

கொஞ்சநேரம் அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, பைய ஓட்டுதேன்" என்றார்.

பையத்தான் ஓட்டினார். அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

அந்தப் பெண் பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது, ஆண் பிள்ளை, காலைப் பிடித்துத் தூக்கினதும் அழுதது. மாமியார்க்காரி என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அங்கேயே தங்கி மறுநாள் புறப்பட்டோம். விடியுமுன் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. களக்காடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு ஓடைப் பாலம். பாலத்துக்குள் ஏறுகிற வளைவில் ஒரு ஆட்டு மந்தை. அவர் கட்டையை அழுத்தினார். ஈரக் கட்டை சக்கரத்தில் சோப்பு மாதிரி வழுக்கியது. காலை ஊன்றினார், சேற்றில் காலும் வழுக்கியது. கைப்பிடியை ஒரு பக்கமாக ஒடித்துத் திருப்பினார். கூடைச் சக்கரம் வண்டித் தடத்துப் பள்ளத்தில் இறங்கி, அங்கிருந்து பாலத்துக் கல்லில் ஏறியது. நான் கூடையை விட்டு மேலே எழும்பினேன். எழும்பினது தெரியவில்லை. உட்கார்ந்தது தெரிந்தது.

ஆடுகள் விலகிப் போயின. வண்டி தானாக நின்றது.

"ஒண்ணுமில்லையே" என்று கேட்டார். முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்ல. ஆட்டுக்கு ஒண்ணுமில்லையே" என்றேன்.

உண்மையில் அன்று ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நான் ஆஸ்பத்திரியில் துணி அவித்துக்கொண்டிருந்தபோது இடுப்பு வலி எடுத்தது. என்னிடம் படித்த பெண்களே எனக்குப் பார்த்தார்கள். பெண் பிள்ளை. ஒரு கையில் அடங்குகிற அளவு. விரல்களில் நகம் வரும் இடம் தெரிந்தது.

டாக்டரம்மா திரும்பி வந்ததும் என்னைப் பார்க்க வந்தாள். முன்ஷியிடம் கற்ற தமிழில், "இது அந்த வீழ்ச்சியினால் உண்டானது என்று நாம் சொல்லக்கூடாது. கர்ப்பம் தங்காததற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. உனக்கே தெரியும்" என்றாள்.

எனக்கே தெரியும். நிறைமாதத்தில் கல் சுமந்தவள், நடவு நட்டுக்கொண்டிருந்த வயலிலேயே பெற்றவள், புருஷனிடம் உதைபட்டும் சுகமாகப் பெற்றவள், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். பாயை விட்டு எழுந்திருக்காமல் கிடந்தும் பறிகொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை போன பெண்கள் "நான் அன்னைக்குக் குடம் தூக்குனேன், அதனாலயா" என்று கேட்கும்போது, "அதெல்லாம் இல்ல" என்று அடித்துச் சொல்வேன். அந்தப் பதில் இவ்வளவு ஒன்றுமற்றது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அடக்க ஆராதனை கிடையாது. அவரும் உபதேசியாரும் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரத்தில் அவர் திரும்பி வந்து கிணற்றடியில் கைகால் கழுவினார்.

"எங்கன வச்சிய" என்று கேட்டேன்.

"கல்லறைத் தோட்டத்துல. அங்கன ஒரு ஓரமா" என்றார்.

எழுந்து நடக்க முடிந்ததும் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். மதிலோரம் புதுமண் கிளறின இடம் மூன்று நான்கு இருந்தது. அந்தச் சமயம் ஊரில் காய்ச்சலில் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தன. எது என்னுடையது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் முன்னால் கொஞ்ச கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அடக்கம் பண்ணின நாலாம் நாள் கொல்லையில் சத்தம் கேட்டது. நான் கட்டிலில் கிடந்தேன். அவர் வண்டியை ஆஸ்பத்திரிக் கொட்டகையிலிருந்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து கழற்றிக்கொண்டிருந்தார். கூடையைத் தனியே இறக்கி வேப்பமரத்தடியில் வைத்திருந்தார். அந்தக் கூடையில் என் பழைய சேலைத் துண்டு ஒன்று மடித்துப் போட்டபடியே கிடந்தது.

அன்றிலிருந்து ஒன்றரை மாதம் அவருக்கு அதுவே வேலை. மேலப்பாளையம் போகிற ரஸ்தாவில் ஒரு கொல்லாசாரி பட்டறை வைத்திருந்தார். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிறவர். என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். ஆசாரியின் பட்டறைக்குப் பின்னால் யாரோ வக்கீலுடைய பழைய வில்வண்டி முறிந்து கிடந்தது. அதிலிருந்து பட்டைகளை எடுத்து, வெட்டி, வளைத்து, கூடைக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு இலை அடுக்கிய புது வில் செய்தார்கள். முதலில் செய்ததைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கியதால் பாரம் ஏற்றிப் பார்க்கும்போதே பட்டென்று முறிந்தது. அடுத்ததை இலுப்பெண்ணெயில் முக்கி ஆற்றினார்கள். ரயில்வே பழைய இரும்பு ஏலத்தில் ஆசாரி எடுத்துப் போட்டிருந்த இரண்டு சுருள்வில்லை முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வைத்து, சக்கரம் மேலே ஏறி இறங்கும்படி கீல் அடித்தார்கள். பின்சக்கரத்தின் நடுக் குடத்தில் இரும்பு வளையம் பூட்டி, அதைச் சுற்றி ஒரு பட்டை. பட்டையின் உள்பக்கம் பஞ்சு மில்லில் கழித்துப் போட்ட தடித்த வாரைச் செப்பாணி அடித்துத் தைத்தார்கள். மிதித்தால் பட்டை இறுகி வளையத்தைக் கவ்வும். முன்சக்கரத்துக்கும் அதுபோலச் சின்னதாக ஒன்று, கையால் பிடிக்கிற மாதிரி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் சாப்பிடும்போது இதைத்தான் பேசினார். வேறு எதுவும் பேசவில்லை.

ஒரு நாள் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பொம்பளப் பிள்ளன்னு தெரிஞ்சிருந்தா என்ன பேரு நெனச்சிருப்பிய" என்று கேட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "எண்ணெயில ஆத்தினாத்தான் வில்லு நொடியாதுன்னு ஆசாரி சொல்லுதாரு. சூடும் ஒரு பக்குவம் இருக்கு. மயில்கழுத்து நெறம் வரணுமாம்" என்றார்.

நான் எழுந்து ரசம் எடுக்கப் போனேன். ரசம் அடுப்பிலேயே இருந்தது. எடுக்காமல் அங்கேயே நின்றேன்.

வில் தயாரானதும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தார். என்னையும் வரச்சொன்னார். "ஒருக்கா ஏறி உக்காரு. உன் கனத்துக்குத்தான் வில்லு வைக்கணும். வெறைப்பு அதிகமாயிட்டுன்னா தூக்கிப் போடும், குறைஞ்சிட்டுன்னா அடியில இடிக்கும்." அதுவரை என் கனத்துக்கு நெல்மூட்டையை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். என் கனம் அவருக்குத் தெரியும். முன்பு ஆஸ்பத்திரித் தராசில் விளையாட்டாக ஏறி நின்றபோது பார்த்தது.

ஏறி உட்கார்ந்தேன். ஆசாரி குனிந்து வில்லைப் பார்த்தார். கூடையைக் கையால் அழுத்தி ஆட்டிப் பார்த்தார்.

"படியல, அண்ணாச்சி. வில்லு வெறைப்பா நிக்குது" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நர்சம்மா கனம் குறைஞ்சிட்டாக போல" என்றார்.

என் வீட்டுக்காரர் மண்டியிட்டு ஆணியைக் கழற்றி, ஆறு இலையில் ஒரு இலையை உருவி எடுத்தார். மறுபடி பூட்டினார். நான் ஏறினேன். இந்தத் தடவை கூடை பதமாக இறங்கி எழுந்தது. உருவின இலையை அவர் பட்டறைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

பிறகு ஏதோ ஆணி வாங்க அவர் கடைக்குப் போனார். நான் கூடையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆசாரி உலையைக் கிளறிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எங்க வீட்ல மூணு போயிட்டுது, அம்மா. மொதப் பிள்ளைக்கு இப்ப இருந்தா மீசை மொளைச்சிருக்கும்."

உலையில் இன்னும் கொஞ்சம் கரியைப் போட்டார்.

"அண்ணாச்சிய நெனச்சாத்தான் பாவமா இருக்கு. மொத நாளு வில்லு முறிஞ்சுதுல்லா, அன்னைக்கு இங்கன இந்தக் கல்லுல உக்காந்து ஒரு பாட்டம் அழுதாரு. நாந்தான் பிடிச்சுக்கிட்டேன். சின்னப் பிள்ள மாதிரி. இப்பவும் வேலைக்கு நடுவுல கண்ணத் தொடைச்சிக்கிடுதாரு. பொகைன்னு சொல்லுதாரு."

அவர் எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். உன் புருஷனுக்கும் துக்கம் இருக்கிறது, தெரிந்துகொள் என்று. ஆனால் எனக்குள் எழுந்தது இரக்கம் அல்ல. என் பிள்ளைக்கான கண்ணீரை ஒருவன் கொண்டுபோய் அந்நியன் பட்டறையில் கொட்டிவிட்டு, எனக்கு இரும்பின் நிறத்தை வந்து சொல்லியிருக்கிறான் என்பதுதான் எழுந்தது.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். "ஆசாரி முன்னால அழுதிய. எங்கிட்ட வில்லப் பத்திப் பேசுதிய."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "ஒங்கிட்ட என்னத்தச் சொல்ல. நீ பேறுகாலம் பாக்கிறவ. தெனம் இதையெல்லாம் பாக்குதவளுக்கு நான் என்ன சொல்ல."

பழகியிருக்கும் என்று நினைத்திருக்கிறார். டாக்டரம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். என்னிடம் படித்த பெண்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒருத்தியும் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. துணி சலவை செய்கிறவளுக்கு அழுக்குப் பழகியிருக்கும் என்பது போல.

"எனக்குப் பழகல" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். அவர் மறுபடி சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். சொல்ல வந்தது என்னவென்று பிறகு நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்தத் தப்பு என்னுடையது.

வண்டி ஓடத் தொடங்கியது. முன்பு பாளையங்கோட்டை எல்லையைத் தாண்டுவதற்குள் என் பற்கள் தந்தியடிக்கும். இப்போது கூடையில் உட்கார்ந்துகொண்டு ஊசியில் நூல் கோக்கலாம் போலிருந்தது. வளைவில் கூடை தூக்கவில்லை. பிரேக்கைப் பிடித்தால் வண்டி தன் நீளத்துக்குள் நின்றது.

களக்காட்டுப் பக்கம் முதல் தடவையாகப் போனபோது அந்த ஓடைப் பாலம் வந்தது. எதிரே ஒரு கிழவி தலையில் புல்லுக்கட்டோடு நடுவில் நடந்துவந்தாள். அவர் நிறுத்தினார். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு இழுவை இல்லை. கிழவி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனாள். அவர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை எப்படிச் சொல்வேன். பரீட்சையில் தேறின பிள்ளை தாள் திருத்தினவரைப் பார்க்கிற முகம். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தார். ஒன்றரை மாதம் அவர் அடித்தது, அறுத்தது, கையைச் சுட்டுக்கொண்டது எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காக என்று எனக்குத் தெரிந்தது.

"நல்லா நிக்குது" என்றேன்.

அவருக்கு அது போதவில்லை. எனக்கு அதற்குமேல் வரவில்லை.

டாக்டரம்மா ஒரு நாள் கூடையில் ஏறிப் பார்த்தாள். சமாதானபுரம் வரை போய்வந்தாள். இறங்கினதும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து வில்லைத் தொட்டாள். "எல்லாம் இவ்விடத்துச் சாமான்களா. அப்படியானால் முன்னமே செய்திருக்கலாமே" என்றாள்.

அவள் குற்றமாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னாள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

முன்னமே செய்திருக்கலாம். வக்கீலுடைய வில்வண்டி அந்தப் பட்டறைக்குப் பின்னால் இரண்டு வருஷமாகக் கிடந்தது. சுருள்வில் அங்கே இருந்தது. இலுப்பெண்ணெய் எல்லார் வீட்டிலும் இருந்தது. சென்னையிலிருந்து எதுவும் வரவேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷம் நாங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். கமிட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு தடவையாவது கொல்லனிடம் கேட்போம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு ஒரு பிள்ளை போக வேண்டியிருந்தது.

சபைப் பத்திரிகையில் வண்டியைப் பற்றி எழுதினார்கள். கம்பவுண்டரின் புத்திசாலித்தனத்தையும் ஊழிய வாஞ்சையையும் புகழ்ந்து ஒரு பக்கம். எந்தக் காரணத்தால் அவருக்கு அந்த வாஞ்சை வந்தது என்று எழுதவில்லை. கர்ப்ப ஸ்திரீகள் இனி இதில் சுகமாய் ஆஸ்பத்திரிக்கு வரலாம் என்று கடைசியில் இருந்தது. அதன்படியே கமிட்டி தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு கூடையில் நோயாளிகள் படுத்து வந்தார்கள். நான் அவருக்குப் பின்னால் சாமான் பலகையில் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு வருவேன். அந்தப் பலகைக்கு வில் கிடையாது.

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தோம். முதல் பிரசவம், பதினேழு வயது. சேரன்மகாதேவி தாண்டும்போது வலி கொஞ்சம் விட்டிருந்தது. என்னை அண்ணாந்து பார்த்து, "எக்கா, இதுல படுத்தா ஒறக்கமா வருது" என்றாள்.

"ஒறங்கு" என்றேன்.

சீமையில் சண்டை தொடங்கி இரண்டாம் வருஷம், மோட்டார் ஓட்டவும் பழுதுபார்க்கவும் தெரிந்தவர்களைப் பட்டாளத்தோடு பஸ்ராவுக்கு எடுக்க ஒரு அதிகாரி வந்தார். யாரோ பத்திரிகையில் வந்ததைக் காட்டியிருக்கிறார்கள். வண்டியைப் பார்க்க வந்தவர், வளையத்தையும் பட்டையையும் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார். இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சொன்னார்.

"பேரு குடுத்துட்டேன்."

"எப்ப."

"முந்தாநாத்து."

"எங்கிட்டக் கேக்கணும்னு தோணலையா."

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவியா" என்றார். கேலியாக இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். அதில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான், "எத்தன மணிக்கு ரயிலு" என்று கேட்டேன்.

ரயிலடியில், இனி ஓட்டுகிறவனை மழை பெய்தால் பிரேக்கில் உள்ள மில் வாரைக் காயவைத்துவிட்டு ஓட்டச் சொல் என்றார். வில் இலைகளுக்கு நடுவில் எண்ணெய் விடச் சொல் என்றார். நான் சரி என்றேன். ரயில் புறப்பட்ட பிறகும் அவர் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

அவர் போனபின் வேறொருவன் ஓட்டினான். வாரைக் காயவைக்கவில்லை, எண்ணெய் விடவில்லை. பெட்ரோல் கிடைப்பது நின்றதும் வண்டியும் நின்றது. நான் மாட்டு வண்டிக்குத் திரும்பினேன். கமிட்டி பிறகு அதை யாருக்கோ கொடுத்துவிட்டது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பஸ்ராவிலிருந்து கடிதம் வரும். மணலில் லாரிச் சக்கரம் புதைவதைப் பற்றி, வெயிலில் பிரேக்கு வார் கருகுவதைப் பற்றி. "நீ சுகமா" என்று ஒரு வரி இருக்கும். சுகம் என்று நானும் ஒரு வரி எழுதுவேன்.

மூன்று வருஷம் கழித்து, மலேரியாவில் பாதியாய் மெலிந்து வந்தார். பேச்சு மட்டும் வளர்ந்திருந்தது. வழியில் போகிற வருகிற ஆண்களையெல்லாம் நிறுத்தி வைத்துப் பேசினார். வீட்டுக்குள் வந்தால் முன்போலத்தான். எங்களுக்குப் பிறகு பிள்ளை இல்லை. யாராவது கேட்டால் கர்த்தருடைய சித்தம் என்று இருவரும் சொன்னோம்.

கம்பவுண்டர் வேலைக்கு அவர் திரும்பவில்லை. மேலப்பாளையத்து வியாபாரி ஒருவரோடு சேர்ந்து, பட்டாளத்தில் கழித்த ஒரு மோட்டாரை வாங்கி, திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு வாடகை ஓட்ட ஏற்பாடு செய்தார். அதற்கும் வில்லையும் பிரேக்கையும் தானே மாற்றினார். முதல் ஓட்டத்தன்று காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, "முன்னால ஒனக்கு எடம் வச்சிருக்கு. வாரியா" என்று கேட்டார்.

"ஒரு பிரசவம் இருக்கு. வர முடியாது" என்றேன்.

கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்று பிரசவம் ஒன்றும் இல்லை. பின்கட்டில் உட்கார்ந்து, அவித்துக் காய்ந்த துணிகளை மத்தியானம்வரை மடித்துக்கொண்டிருந்தேன்.